பெருச்சாளியின் இணையதளம்

ஓடி ஒளிய வருகிறவர்களுக்கு வளை வாடகைக்கு விடும் பெருச்சாளி, ஓர் இணையதளம் தொடங்கியது. திறந்ததும் மாலை போட்ட அப்பா படம் வரும். அடுத்து, திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றிய வீடியோ ஓடும்.

தவளை ஃபோன் செய்தது. "அண்ணாச்சி, பாம்பு துரத்துது! பக்கத்துல வளை எங்க இருக்கு?"

"எல்லாம் சைட்டுல போட்டிருக்கேனே, பாருங்க தம்பி."

"அதைத்தான் நின்னு பார்க்கிறேன். இன்னும் விளக்கு ஏத்திட்டே இருக்கீங்க."

"அஞ்சு முகமும் ஏத்தணும்ல? அப்புறம் அப்பாவோட வாழ்க்கை வரலாறு. அதுக்குக் கீழதான் விலாசம்."

லைன் கட்டாகிவிட்டது.

சாயங்காலம் தளத்துக்கு முதல் பாராட்டு வந்தது. "அருமையான தளம். வாடிக்கையாளர்கள் அசையாமல் நின்று பார்க்கிறார்கள். விளக்கேற்றும் வீடியோவை மட்டும் எடுத்துவிடாதீர்கள். இப்படிக்கு, பாம்பு."

பெருச்சாளி அதை அப்பா படத்துக்கும் மேலே, பெரிய எழுத்தில் போட்டது.