பன்னிரண்டு சிலிண்டர்

“ஏலே மகேஷு! இது தெருவா, இல்ல ரேஸ் மைதானமா?”

கணேஷ்ராம் பனியனோடு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார். பின்னே கோபம் வராதா? ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாமல் பெருமாள்புரத்தையே ஆட்டுகிற மாதிரி ஓர் உறுமல். ஒரு வாரமாக இதே கூத்து.

மகேஷ் உடனே இஞ்சினை அணைத்தான். கோயம்புத்தூரில் பெரிய ஆளாகிவிட்டவன். அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்திருக்கிறான், கூடவே அந்த இத்தாலிக் கார்.

உலகத்துக்கே நூறுதான் செய்தார்களாம். இனிமேல் எல்லாம் பாட்டரி வண்டி, இந்த மாதிரி இஞ்சின் வரவே வராதாம். கதவைத் திறந்தால் மேலே தூக்கும். பன்னிரண்டு சிலிண்டர் இஞ்சின், அதுவும் முதுகுப் பக்கம், கண்ணாடிக்குக் கீழே. மூன்று விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்கும் என்கிறார்கள். நம்ம ஊர் வேகத்தடையில் ஏறுவதற்குள் விடிந்துவிடும், அது வேறு கதை.

“எங்கயாவது போனாலும் பரவால்ல. நின்ன இடத்துலயே நின்னு உறுமுது! யாருக்குலே காட்டுத இந்தப் பவுச?”

மகேஷின் பார்வை கணேஷ்ராம் வீட்டுக் கேட்டுப் பக்கம் போய்த் திரும்பியது.

“மன்னிச்சிருங்கண்ணே. இனி சத்தம் வராது.”

“வந்துச்சு, நேரா போலீசுதான்!”

திரும்பி வந்தால், கேட்டுப் பக்கம் அப்பா குற்றாலலிங்கம் நின்றார். குளித்து, திருநீறு பூசி, தலை வாரியிருந்தார்.

“மாமாவப் பாத்தியளா?” என்று சிரித்தாள் மனைவி விஜயஸ்ரீ. “ஒரு வாரமா வாக்கிங்குக்கு மாப்பிள்ள மாதிரியில்லா கிளம்புதாவ!”

அப்பா பாபநாசம் ரூட்டில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். காலமெல்லாம் இஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு காதும் போய்விட்டது. மிஷின் வைத்தும் பிரயோஜனமில்லை. அதனால் வீட்டில் யாரும் அவரிடம் பேசுவதில்லை. காபி என்றால் டம்ளரைக் காட்டுவார்கள். சாப்பாடு என்றால் கையை வாய்க்குக் கொண்டுபோவார்கள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை தெரு அமைதியாக இருந்தது. ஜெயித்த சந்தோஷத்தில் கணேஷ்ராம் பேப்பரை விரித்தார்.

அப்பா கேட்டுப் பக்கம் வந்தார். நின்றார். பக்கத்து வீட்டை எட்டி எட்டிப் பார்த்தார். அப்புறம் பைய நடந்து அங்கேயே போய்விட்டார்.

“இவிய எங்க போறாவ?” கணேஷ்ராம் பின்னாலேயே ஓடினார்.

காரைத் துணி போட்டு மூடியிருந்தது. அப்பா துணியை விலக்கி, பின்பக்கக் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தார்.

“ஏலே மகேஷு! இன்னைக்கு ஏம்லே கிளப்பல?” தன் காதுக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கிற குரல்.

வெளியே வந்த மகேஷ், கணேஷ்ராமை ஒரு பார்வை பார்த்தான். பிறகு பெரியவரிடம் கையை விரித்து, ‘ரிப்பேர்’ என்று சைகை காட்டினான்.

“ரிப்பேரா? நேத்து வர நல்லாத்தானேலே இருந்துச்சு!”

அப்பாவின் முகம் வாடிவிட்டது. திரும்பியவர் மகனைக் கண்டார்.

“கணேசா, இந்தப் பய பள்ளிக்கூடத்துக்கு என் பஸ்லதாம்லே வருவான். இஞ்சின் பெட்டி மேல உக்காந்துகிட்டு, நான் கியர் மாத்துத சத்தத்த அப்படியே வாயால போடுவான். அம்புட்டுச் சேட்டை! இப்ப எனக்காவத்தான் தினம் வண்டியக் கிளப்புதான்.”

கணேஷ்ராம் தன் காதைத் தொட்டு, ‘கேக்குதா?’ என்று சைகையில் கேட்டார்.

“கேக்காம? பாபநாசம் மேட்டுல ரெண்டாவது கியர்ல ஏறுத மாதிரி, உள்ள வர கேக்கும்லே! இந்த உலகத்துல எனக்குக் கேக்குதது அது ஒண்ணுதான்.”

சொல்லிவிட்டு அப்பா துணியை எடுத்துக் காரை மறுபடி மூடப் போனார்.

கணேஷ்ராம் மகேஷ் பக்கம் திரும்பினார். “மகேஷு, நேத்து அம்புட்டு வஞ்சேனே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாடே?”

மகேஷ் குரலைத் தாழ்த்தினான்.

“உங்க அப்பாவுக்கு எது கேக்குதுன்னு, பக்கத்து வீட்டுக்காரன் வந்து உங்களுக்குச் சொன்னா... நல்லாவாண்ணே இருக்கும்?”