பாதிப் புயல்

மதியம் இரண்டு மணிக்குக் காற்று சட்டென்று நின்றது. புயல் ஓய்ந்துவிட்டதென்று, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்கள் வாசலுக்கு ஓடினார்கள். அறிவியல் ஆசிரியை மங்களவல்லி கதவை மறித்தாள்.

"நாம புயலோட கண்ணுக்குள்ள இருக்கோம். மீதிப் பாதி இனிமேதான். இப்ப எதிர்ப்பக்கத்துலேருந்து அடிக்கும்."

"எவ்ளோ நேரம் இருக்கு டீச்சர்?" என்றான் மீனவன் செலஸ்டின். காலையில் அவன் பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுத் திரும்புவதற்குள், அடுத்த தெருவிலிருந்த அவன் வீட்டு வாசலை மரம் விழுந்து அடைத்துவிட்டது. மனைவி ஜெசிந்தா உள்ளே இருந்தாள்.

"அரை மணி இருக்கலாம். கால் மணியாவும் இருக்கலாம். வாங்க, ஓடுவோம்."

ஜன்னல் கம்பியை நெம்பி ஜெசிந்தாவை வெளியே இழுத்த பிறகுதான் மங்களவல்லி நிமிர்ந்து பார்த்தாள். வெதுவெதுப்பான கடல் மேலே அனுப்பிய ஈரக்காற்று, பூமி சுழல்வதால் வளைந்து வளைந்து கட்டிய மேகமதில் நாலாபுறமும் வானம்வரை நின்றது. நடுவில் வட்டமாக நீலம். பத்தொன்பது வருடமாகக் கரும்பலகையில் அவள் வரைந்த வட்டம் இத்தனை பெரியது என்று அவளுக்குத் தெரியாது. புயலுக்குள் மாட்டிய கடல்பறவைகள் தெருவெங்கும் இறங்கிக் கிடந்தன. அவள் மூச்சுவிட மறந்து நின்றாள்.

"டீச்சர், மதில் கிட்ட வருது!" என்று செலஸ்டின் கத்தினான்.

மூவரும் ஓடினார்கள். பறக்கத் தெம்பில்லாத சில பறவைகள் அவர்களுக்குப் பின்னால் நடந்தே வந்தன. பள்ளியை அடைந்ததும் உள்ளிருந்தவர்கள், "கதவைச் சாத்துங்க!" என்று அலறினார்கள்.

"செத்த இருங்க," என்றாள் ஜெசிந்தா, கதவைப் பிடித்தபடி. "இன்னும் ரெண்டு பறவை படியேறிட்டிருக்கு."