மிச்சமிருந்த ஒரு ஜோடி

"எல்லாரும் வெளிய வந்தாச்சுல்ல மேடம்? கையெழுத்த போடுங்க, நான் கெளம்பணும்" என்று அதிகாரி பரசுராமன் பேனாவை நீட்டினார்.

ஃப்ளோரன்ஸ் வாங்கிக்கொண்டாள். அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களுக்காகத் திருவொற்றியூரில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு பழைய வீட்டில் அவள் பகல்நேர மையம் நடத்துகிறாள். அதன் அனுமதி நாளையோடு முடிகிறது. இன்றைய அவசர ஒத்திகையில் தேறினால்தான் புதுப்பிப்பார்கள். இல்லையென்றால் இருபத்திரண்டு பேரும் பூட்டிய வீட்டுக்குள் உட்கார வேண்டியதுதான். பெற்றவர்கள் வேலைக்குப் போயாக வேண்டுமே!

அதற்காக அவள் ஒன்றும் பயந்துவிடவில்லை. அக்கம்பக்கத்துத் தொழிற்சாலையில் எது கசிந்தாலும் முதலில் மூக்கைப் பொத்துவது இந்தத் தெருதான். அதனால் அதிகாரி வந்தாலும் வராவிட்டாலும் மாதம் இரண்டு ஒத்திகை உண்டு.

பரசுராமன் வரும்போதே சலித்துக்கொண்டுதான் வந்தார். ஜீப் நுழையாத சந்தில் மையம் நடத்தலாமா என்று கேட்டார். டிரைவர் தமீம் அவருடைய கோப்புப் பையைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தார். பத்து நிமிடம் கழித்து ஆயா குப்பம்மா தட்டைக் கரண்டியால் தட்டினாள். அவ்வளவுதான். ஈரத் துணியால் மூக்கைப் பொத்தி, கயிற்றைப் பிடித்தபடி எல்லாரும் எதிரே உள்ள காலி மனைக்கு வந்து சேர்ந்தார்கள். மூன்று நிமிடம், பத்து வினாடி. பரசுராமனே பரவாயில்லையே என்றார். பட்டியலையும் அவரே வாசித்தார். இருபத்திரண்டு பேர், ஃப்ளோரன்ஸோடு சேர்த்து மையத்து ஆட்கள் நான்கு பேர். ஒரு தலை குறையவில்லை.

ஜெரி மட்டும் வாசற்படிக்கு வெளியே, செருப்பு ஸ்டாண்டை விட்டு நகர மாட்டேன் என்று நின்றான்.

ஜெரிக்கு முப்பது வயது. பத்துக்கு மேல் எண்ண வராது. ஆனால் எந்தச் செருப்பு யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். வெளியே வருகிறவர் கையில் அவரவர் செருப்பைத் திணிப்பது அவன் வேலை. பரசுராமனின் ஷூவையும் அப்படித்தான் திணித்தான். இப்போது மேல்தட்டில் ஒரு ஜோடி பழுப்புத் தோல் செருப்பு மிச்சமிருந்தது.

"உள்ள ஆளு கீது" என்றான். ஆறாவது முறையாகச் சொல்கிறான்.

ஃப்ளோரன்ஸுக்கு அது யாருடைய செருப்பென்று தெரியவில்லை. குளியலறைவரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்ததாகவும், காலையில் வந்த பெற்றோர் யாரோ செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள் என்றும் குப்பம்மா சொன்னாள். போன மாதமும் இதே கூத்துதான். யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன ஒரு பிஞ்ச செருப்புக்காக ஜெரி அரை மணி நேரம் வேனைக் கிளம்பவிடவில்லை. அன்றைக்கு உள்ளே ஒரு பூனைகூட இல்லை.

ஒரு நடை பார்த்துவிட்டு வரட்டுமா என்று ஃப்ளோரன்ஸ் கேட்டாள். வெளியே வந்தவர் யாரும் திரும்ப உள்ளே போகக் கூடாது, அதை நீங்களே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறீர்களே என்றார் பரசுராமன். உண்மைதான்.

"பட்டியல் சரியா இருக்கு. பத்துக்கு மேல எண்ணத் தெரியாதவரு பேச்சக் கேட்டு அனுமதிய கெடுத்துக்காதீங்க" என்றார்.

படிவத்தில் 'அனைவரும் வெளியேறிவிட்டனர்' என்று அச்சடித்திருந்தது. அதன்கீழ் ஒரு கையெழுத்து, ஒரு வருஷத்துக்கு நிம்மதி. ஃப்ளோரன்ஸ் திரும்பி ஜெரியைப் பார்த்தாள். அந்த வேலையை அவனுக்குக் கொடுத்ததே அவள்தான். அதிகாரி வந்த அன்றைக்கு மட்டும் அவன் பேச்சு எடுபடாது என்றால், மற்ற நாள் ஒத்திகையெல்லாம் எதற்கு?

அச்சடித்த வரியை அடித்தாள். 'உள்ளே ஒருவர் இருக்கிறார். யாரென்று தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"யோசிச்சுதான் எழுதினீங்களா?"

"எங்க ஜெரி சொன்னா சொன்னதுதான் சார். நெசமாவே தீப்பிடிச்சு, ஃபயர் வண்டி வந்து நின்னாலும் இதையேதான் சொல்லுவேன்."

பரசுராமன் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "தமீம், வெளிய வாப்பா" என்று குரல் கொடுத்தார்.

பாய் அடுக்கும் அறையிலிருந்து, சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே டிரைவர் தமீம் வந்தார். ஜெரி பழுப்புச் செருப்பை அவர் கையில் திணித்துவிட்டு, காலியான ஸ்டாண்டை ஒருமுறை பார்த்துக்கொண்டு, கயிற்றைப் பிடிக்கப் போனான்.

"உங்களோடதையும் சேத்து ஆறு மையம் பாத்துட்டேன் மேடம்" என்றார் பரசுராமன். "அஞ்சு எடத்துல, நம்ம தமீம் உள்ள இருக்கும்போதே, எல்லாரும் வந்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க."