சீர் மெத்தை

“சீர் மெத்தைன்னா இலவம் பஞ்சுதாம்மா. எங்கப்பா காலத்துலேருந்து சிதம்பரத்துல அதான் பழக்கம்” என்றார் கடைக்காரர் சக்கரபாணி.

“பஞ்சு வேணாங்க. தூசி சேந்தா தும்மல் நிக்காது, அப்புறம் இழுப்பு. ஜிப்பு வச்ச உறை போட்ட மெத்தையா காட்டுங்க. உறையைக் கழட்டி சுடுதண்ணியில துவைக்கணும்” என்றாள் கனிமொழி.

பக்கத்தில் நின்ற அம்மா அவள் கையைப் பிடித்தாள். “பஞ்சே இருக்கட்டும்டி. ஊரு பேசும்.”

“பேசட்டும்மா. மூச்சு முட்டுறப்ப ஊரா வந்து முதுகைத் தடவுது?”

சக்கரபாணி சிரித்தார். “பொண்ணு வெவரந்தான். சீர் எடுக்கத் தாய்மாமன் வரலியா?”

“வரமாட்டேன்னுட்டாரு. அவருக்கு இந்தக் கல்யாணமே புடிக்கல. யாரையும் கேக்காம நாங்களே முடிவு பண்ணிட்டோம்.”

“ஓ, லவ் மேரேஜா!”

“அப்படித்தான் வச்சுக்குங்களேன்.”

தலையணைக்கும் அதே மாதிரி உறை வாங்கினாள். சக்கரபாணி மெத்தையில் ஒட்டுகிற சீட்டை எடுத்தார்.

“வண்டி எங்க போவணும்?”

“மேல்பட்டாம்பாக்கம். மாப்பிள்ளை வீட்டுக்கு.”

“பொண்ணு பேரு?”

“அமராவதி.”

அவர் எழுதிக்கொண்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். “தாய்வீட்டு சார்பா யாரு பேரு எழுதட்டும்?”

“கனிமொழி” என்று அவளே முந்திக்கொண்டாள்.

“அது யாரும்மா?”

“நான்தாங்க.” அவள் அம்மாவின் தோளில் கையைப் போட்டாள். “கல்யாணப் பொண்ணு இவுங்க. மாமா கதவைச் சாத்திட்டாரு. இனிமே எங்கம்மாவுக்கு நான்தான் தாய்வீடு.”