ஏழு கல்லூரிகளுக்கு ஒரே கட்டுரை

2005 ஏப்ரல் 5, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறரை மணி. என் பெயரில் பதிவான தொலைபேசி என் வீட்டுக் கூடத்தில் ஒலிக்கிறது. அதை எடுக்க எனக்கு அனுமதி இல்லை. இதுவே என் முறையீடு.

தடை விதித்தவள் என் மனைவி சாராள்.

“எடுக்காதீங்க, சொல்லிட்டேன். நீங்க வாயத் தொறந்தா பாப்பா வாழ்க்க அவ்ளோதான்.”

செங்கல்பட்டைச் சுற்றியுள்ள பள்ளிகளில் முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வாயைத் திறக்காதே என்று இதுவரை எவரும் என்னிடம் சொன்னதில்லை.

எங்கள் மகள் ஷாரோன் தொலைபேசியை ஒட்டி நிற்கிறாள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை மார்ச்சில் எழுதி முடித்தவள். கையை நீட்டுகிறாள், பிறகு, சுட்டுவிட்டதுபோல் இழுத்துக்கொள்கிறாள்.

அழைப்பது அமெரிக்கக் கல்லூரி ஒன்று. முழு உதவித்தொகையுடன் அவளுக்கு இடம் தருவதாகச் சனிக்கிழமை கடிதம் வந்தது. செவ்வாயன்று இந்த நேரத்தில் அவளுடைய தாயாரிடம் சில சொற்கள் பேச விரும்புவதாகவும் அதில் எழுதியிருந்தார்கள்.

தாயாரிடம்.

சென்ற டிசம்பரில் ஷாரோன் குறித்து வைத்திருந்தவை பன்னிரண்டு கல்லூரிகள். ஒவ்வொன்றும் இரண்டோ மூன்றோ கட்டுரைகள் கேட்டது. மொத்தம் முப்பத்தொன்று. கடைசி நாள் ஜனவரி 1. கிறிஸ்துமஸ் வரைக்கும் அவள் எழுதி முடித்தவை நான்கு.

மறுநாள் ஞாயிறு காலை, கடல் ஊருக்குள் வந்தது.

எங்கள் ஊரப்பாக்கத்துக்கு அலை எட்டாது. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் விடியற்காலையில் மாமல்லபுரத்துக்குப் பேருந்து ஏறியிருந்தார். ஷாரோன் ஒன்பது மணி நேரம் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதன்பின் மூன்று நாள்கள் அவள் பேனாவைத் தொடவில்லை. நான்தான் அவளைப் பொத்தேரிக்கு அழைத்துச் சென்றேன். அங்கே கணினி மையம் நடத்தும் ஷ்யாம் இத்தகைய விண்ணப்பங்களை அனுப்பிப் பழகியவன். பட்டியலைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

“இன்னா பாப்பா, முப்பத்தொண்ணா? கை கழண்டுடும்! காலேஜப் பாத்து கட்டுரை எழுதாத. கட்டுரையப் பாத்து காலேஜப் பொறுக்கு. ஒரே கேள்வி கேக்குறது ஏழு கீது. ஒண்ணு எழுதிக்கினு ஏழுலயும் ஒட்டிடு. சார், நீங்க இன்னா சொல்றீங்க?”

அவன் பேச்சில் ஒரு சொல்லும் ஒழுங்காக இல்லை. யோசனை ஒழுங்காக இருந்தது. சரி என்றேன். ஐந்து கல்லூரிகளைப் பட்டியலிலிருந்து அடித்தோம்.

உன்னை மாற்றிய ஒரு நாளைப் பற்றி ஐந்நூறு சொற்களுக்குள் எழுதுக. இதுதான் கேள்வி.

வாசலில் நின்ற ஒன்பது மணி நேரத்தை அவள் ஒரே மூச்சில் எழுதிக் கொண்டுவந்தாள். நான் சிவப்பு மை எடுத்தேன். பிழைகள் இரண்டே. ஆனால் சொற்கள் ஐந்நூற்று எண்பத்துமூன்று.

கடைசிப் பத்தியை எண்ணினேன். எண்பத்துநான்கு. குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். எங்களுக்குத் தெரியாத செய்தி எதுவும் அதில் இல்லை.

“அப்பா, அது இல்லன்னா அவங்களுக்கு…” என்று அவள் தொடங்கினாள்.

“வரம்பு என்றால் வரம்புதான்” என்றேன்.

டிசம்பர் 31 பிற்பகலில் ஷ்யாம் அதை ஏழு இடங்களுக்கும் அனுப்பினான்.

சனிக்கிழமைக் கடிதத்தின் இரண்டாவது வாக்கியம் இது: அலையில் தந்தையைப் பறிகொடுத்த ஐந்தே நாளில் உங்கள் மகள் இப்படி எழுதியிருப்பது எங்கள் குழுவினர் அனைவரையும் கலங்கச் செய்தது.

மாமல்லபுரத்தில் பழைய மாணவன் வீட்டுக்குப் போன நான், அவனுடைய மொட்டை மாடியில் உயிர் தப்பி, அன்று மாலை ஒற்றைச் செருப்புடன் வாசலில் வந்து நின்றேன். அதைத்தான் அவள் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தாள்.

விண்ணப்பத்தில் தந்தை என்ற இடத்தில் தர்மராஜ் என்று என் பெயர் இருக்கிறது. அலைக்கு முன் நிரப்பியது என்று எண்ணிக்கொண்டார்கள் போலும்.

உண்மையைச் சொன்னால் ஓரிடத்தில் சொல்லி நிறுத்த முடியாது. ஏழு இடத்திலும் இருப்பது அதே கட்டுரை. நாங்கள் அடித்த ஐந்தும் ஜனவரியிலேயே கைவிட்டுப் போயின. என் மகள் ஒரு பொய்யும் எழுதவில்லை என்று எந்த நாட்டுக் கல்லூரி நம்பும்?

மணி இன்னும் நிற்கவில்லை. சாராள் எடுக்கிறாள்.

“யெஸ்… யெஸ்… தேங்க்யூ…” தொலைபேசியின் பேசும் முனையை உள்ளங்கையால் பொத்துகிறாள். “ஏதோ கேள்வி கேக்குறாங்க, ஒண்ணும் வெளங்கல. ஷாரோன், நீ பேசுடி!”

ஷாரோன் மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறாள். சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிடுகிறாள்.

தொலைபேசி என் கைக்கு வருகிறது.

மறுமுனையில் ஒரு பெண்மணி. கனிவான குரல். பேசுவது யார் என்று கேட்கிறார்.

மாணவன் பொய் சொன்னால் வகுப்பின் முன்னால் நிறுத்தி வைத்தவன் நான். தரையிலிருந்து என் மகள் என்னையே பார்க்கிறாள்.

“ஷாரோனின் பெரியப்பா” என்கிறேன்.

என் தம்பியின் மறைவுக்கு அந்தப் பெண்மணி வருந்துகிறார். நான் நன்றி கூறுகிறேன். தம்பி நல்ல ஆசிரியராக இருந்திருக்க வேண்டும் என்கிறார். ஆம் என்கிறேன். அவரை அறிந்தவர்கள் ஊரில் பலர் இருப்பார்களே, அவர்களிடமும் பேச விரும்புகிறோம் என்கிறார்.

ஆகையால், என்னிடம் படித்தவர்களே, என்னோடு பணியாற்றியவர்களே, ஊரப்பாக்கம் நிலையத்தில் தினமும் எனக்கு வணக்கம் சொல்பவர்களே: உங்களிடம் யாரேனும் கேட்டால், தர்மராஜ் சாரின் அடக்க ஆராதனைக்கு நேரில் வந்திருந்ததாகச் சொல்லுங்கள்.