தறிக்காரியின் கட்டைவிரல்

சிகிச்சை அறையின் மேலே மின்விசிறி விசைத்தறிபோலத் தடதடக்கிறது. கட்டைவிரல் மூட்டில் அறுவை முடிந்த ராமாத்தாள், சூலூரில் விசைத்தறி ஓட்டுபவள், மேசையில் கிடக்கும், மூட்டைத் தாங்கும் இரண்டு உறைகளைப் பார்க்கிறாள். ஒன்று வெந்நீரில் இளக்கி விரலுக்கு வளைத்த வெள்ளைப் பிளாஸ்டிக்; மற்றது விரல் கொஞ்சம் அசையும்படி பட்டை வைத்துத் தைத்த துணி. துணியுறையை மாட்டியதும், சேலைத் தலைப்பில் தொங்கும் இழைகளைப் பிடித்து முடிச்சிட்டுப் பார்க்கிறாள். வலியில் முகம் சுருங்கினாலும் முடிச்சு விழுகிறது. “இதே போதுங்க சார். இழை அறுந்து தறி நின்னா உடனே முடிஞ்சுபோடலாமுங்க.” சிகிச்சையாளர் ஜெரோம் அதைக் கழற்றுகிறார். “அதனாலதானுங்க வேண்டாங்கறேன். மூட்டு அசையவே கூடாதுங்க அம்மணி.” பிளாஸ்டிக்கைப் பொருத்துகிறார். அவள் சுவரில் சாய்ந்து கண்களை மூடுகிறாள். மின்சாரம் போகிறது, விசிறி நிற்கிறது. கண் திறக்காமலே, பிளாஸ்டிக் மாட்டிய கை அறுந்த இழையைத் தேடி எழுகிறது.