மெயின் சுவிட்ச்

"மெயினை ஆஃப் பண்ணுனது நீங்கதானே?"

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அன்னபூரணி கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

"ஆமாக்கா, நான்தான்" என்றார் கலைவாணன்.

மழுப்புவார், கரண்ட் தானாகப் போனது என்று பொய் சொல்வார், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு மானத்தை வாங்கலாம் என்று வந்தவளுக்கு, அவர் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது இன்னும் எரிச்சலாக இருந்தது. என்ன நெஞ்சழுத்தம்!

கோட்டுச்சேரி கடைத்தெருவில் வீடியோ கேம் கடை நடத்துகிறவர் கலைவாணன். நாலு டிவி, நாலு ப்ளேஸ்டேஷன், பத்துப் பிளாஸ்டிக் நாற்காலி. நேற்று வரைக்கும் அந்தக் கடையின் பெயரைச் சொன்னாலே அன்னபூரணிக்கு ஆகாது. பிள்ளைகளைக் கெடுக்கிற இடம் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள். இன்றைக்கு ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு அதே கடைக்கு நியாயம் கேட்க வந்திருக்கிறாள். பெற்ற பிள்ளை தோற்றுவிட்டால் எந்த விளையாட்டும் பெரிய விளையாட்டுதான்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை அங்கே வீடியோ கேம் கால்பந்துப் போட்டி. ஜெயிப்பவனுக்குப் புத்தம்புது ப்ளேஸ்டேஷன் பரிசு. அவரவர் டீமை அவரவரே மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு வந்து ஆடலாம். முப்பத்திரண்டு பேரில் ஃபைனலுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் அன்னபூரணியின் மகன் ஹரிஹரன், பாலிடெக்னிக்கில் படிக்கிறான். இன்னொருவன் முகிலன், கலைவாணனைப் போலவே கோட்டுச்சேரிமேட்டுக்காரன், விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஒரு மாதமாகக் கரையில் இருந்தான்.

ஹரி மூன்று கோல் முன்னால் இருந்தான். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து கலைவாணன் எழுந்து போய் மெயினை அணைத்துவிட்டார். நாலு டிவியும் இருண்டு போயின. கூச்சல் அடங்கியதும், கார்டெல்லாம் வேண்டாம், கடையில் இருக்கிற டீமை வைத்தே முதலிலிருந்து ஆடுங்கள் என்றாராம். இந்தத் தடவை முகிலன் ஜெயித்துவிட்டான்.

இதையெல்லாம் வந்து சொன்னது ஹரி இல்லை, கூடப் போயிருந்த பக்கத்து வீட்டு இளவேனில். ஹரி சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை. "விடும்மா, போனா போவுது" என்றதோடு சரி. பிள்ளை வாயில்லாப் பூச்சி, அவனுக்காக நாம் பேசாமல் வேறு யார் பேசுவார்கள் என்று, வரமாட்டேன் என்றவனையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"எதுக்கு ஆஃப் பண்ணுனீங்க?"

"பண்ண வேண்டியதாப் போச்சுக்கா."

"அதான் எதுக்குன்னு கேக்குறேன்."

கலைவாணன் மேசையில் கிடந்த சில்லறையை எண்ண ஆரம்பித்தார்.

"அப்ப நானே சொல்லட்டுமா? அந்தப் பையன் உங்க ஊரு, உங்க ஆளு. அவன் தோக்குறதை உங்களால பாத்துக்கிட்டு இருக்க முடியல. அதானே?"

மூலையில் ஆடிக்கொண்டிருந்த முகிலன் எழுந்துவிட்டான். இந்தப் பேச்சைக் கேட்பதற்குப் பதிலாக வாங்கிய பரிசைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடுவதாகச் சொன்னான். ஜெயித்தவன் ஜெயித்தவன்தான், பேசாமல் உட்கார் என்று கலைவாணன் அவனை அடக்கினார்.

"பாத்தீங்களா, அவனுக்கே உறுத்துது. உங்களுக்கு உறுத்தலையே" என்றாள் அன்னபூரணி.

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள். இருபது வருஷமாக அரசு ஆபீசில் பிறர் கொடுக்கும் மனுக்களைப் பிரித்துப் படிக்கிறவள். அவளே உட்கார்ந்து ஒன்று எழுதினால் கேட்க வேண்டுமா? போட்டி என்ற பெயரில் மாணவர்களை ஏமாற்றி வரும் மேற்படி கடையின் லைசென்ஸை ரத்து செய்யுமாறு கொம்யூன் பஞ்சாயத்துக்கு மூன்று பத்தியில் எழுதியிருந்தாள். ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தாள். விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் படித்தாள்.

காரணத்தைச் சொல்லிவிட்டால் இந்த நிமிஷமே மனுவைக் கிழித்துப் போடுவதாகவும் சொன்னாள்.

கலைவாணனுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு வருமானம் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். தாளை அவள் பக்கமே தள்ளி வைத்தார்.

"குடுக்கணும்னா குடுங்கக்கா. எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

அன்னபூரணிக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. செய்வதையும் செய்துவிட்டு என்ன திமிர்! இந்த மாதிரி ஆட்களைச் சும்மா விடக் கூடாது. இன்றைக்கு என் பிள்ளை, நாளைக்கு இன்னொருத்தர் பிள்ளை. ஊரில் கேட்பதற்கு ஆள் இல்லை என்கிற துணிச்சல்தானே இவர்களை இப்படி ஆட வைக்கிறது?

தாளை மகன் பக்கம் நகர்த்தி, பேனாவை அவன் கையில் திணித்தாள்.

"ஏமாந்தவன் நீ. நீதான் கையெழுத்துப் போடணும்."

ஹரி பேனா முனையைத் தாளின் அடியில் வைத்தான்.

"வேணாம்க்கா, தம்பியை எதுக்கு இதுல இழுக்குறீங்க? நீங்களே போட்டுக் குடுங்க" என்றார் கலைவாணன் அவசரமாக.

"நீங்க சும்மா இருங்க. போடுடா ஹரி, என்ன பயம் உனக்கு?"

ஹரி பேனாவை மூடி வைத்தான். அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"என் கார்டுல ஏத்துன டீமுல பதினோரு பேருக்கும் நான் திருட்டுத்தனமா வேகத்தைக் கூட்டி வெச்சிருந்தேம்மா. அவரு கண்டுபுடிச்சிட்டாரு. அத்தனை பேரு முன்னால என்னைக் காட்டிக் குடுக்க மனசு வராமத்தான் மெயினை அணைச்சாரு."